வெள்ளி ரூபாயும் காகிதப் பணமும்

பணத்தை எண்ணவும் காக்கவும் பெருக்கவும் நம் குலத்தாருக்குப் பிறரொருவர் கற்பிக்க வேண்டுவதில்லை. பேரேடு எழுதுவதும் ஐந்தொகை போடுவதும் நம் பிள்ளைகள் அரிச்சுவடியோடு சேர்த்துப் பயின்ற வித்தைகளாம். ஆயினும், தலைமுறை தலைமுறையாக நம் கைகளில் புரண்டுவந்த அப்பணம் எங்கே பிறந்தது, எவர் முத்திரை தாங்கியது, ஏன் வழக்கொழிந்தது என்று வினவின், விடை கூறவல்லார் நம்மில் மிகச் சிலரே. இதனால் விளைவது யாதெனில், பெரிய வீடுகளில் இரும்புப் பெட்டியின் அடித்தட்டிற் கிடக்கும் பழைய ரூபாய்கள் பாகப்பிரிவினையின்போது தராசிலிட்டு நிறுக்கப்பட்டு, பங்காளிக்கு இத்தனை எடை என்று பிரிக்கப்பட்டு, அடுத்த முகூர்த்தத்திற்குள் குத்துவிளக்காகவோ கொலுசாகவோ உருமாறி விடுகின்றன. பர்மாவிலிருந்து வந்த நோட்டுக் கட்டுகளோ செல்லாக் காகிதமென்று குப்பையோடு குப்பையாய்ப் போகின்றன. வெள்ளி விலை ஏறுந்தோறும் இவ்வழிவு விரைவடைகின்றது. ஆதலின் இம்மாதம் இவ்விஷயத்தைக் குறித்துச் சற்று விரிவாகவே எழுத முற்பட்டோம்.

பணம் என்பதே முதலில் ஒரு சிறு நாணயத்தின் பெயர் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். கம்பெனியார் காலத்துச் சென்னபட்டணக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. வராகம் என்னும் பன்றி அவதாரத்தின் உருவைப் பண்டை அரசர் சிலர் பொன் நாணயத்திற் பொறித்தமையால் அப்பெயர் நிலைத்தது. காசு என்னும் நம் சொல்லையோ மேல்நாட்டார் தம் நாவுக்கேற்பத் திரித்து, இந்நாட்டுச் செப்பு நாணயத்துக்குப் பெயராக வழங்கினர். தென்னாட்டிற் பொன்னும் செம்புமே நெடுங்காலம் பெருவழக்காயிருந்தன. வெள்ளி அருகியே வழங்கிற்று. வெள்ளி ரூபாய் வடக்கினின்று வந்த விருந்தாளி. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில், 1540 முதல் 1545 வரை டில்லியில் ஆண்ட ஷெர்ஷா என்னும் ஆப்கானிய மன்னர் சுமார் 178 கிரெயின் எடையில் ரூபியா என்ற வெள்ளி நாணயத்தை ஒழுங்குபட அடித்தார். மொகலாயர் அதனையே பின்பற்றினர். இன்று நாம் வாயாற் சொல்லும் ரூபாய் அதன் வழித்தோன்றலேயாம்.

அவ்வடநாட்டு ரூபாய் நம் சீமைக்கு வந்தபோது ஆர்க்காட்டு ரூபாய் எனப் பெயர் பூண்டது. அதை அடிக்கும் உரிமை நவாபுக்குரியது. 1736-ல் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரரும், 1742-ல் சென்னையிலிருந்த இங்கிலீஷ் கம்பெனியாரும் அவ்வுரிமையை நவாபிடம் பெற்றுத் தத்தம் தங்கசாலைகளில் ஆர்க்காட்டு ரூபாயை அடிக்கலாயினர். பிரெஞ்சுக்காரர் பிறைக்குறியும், சென்னையார் தாமரைக்குறியும் இட்டனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னை ரூபாயின்மேல் இரண்டாம் ஆலம்கீர் என்னும் மொகலாய பாதுஷாவின் பெயரும், ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும், அவரது ஆட்சியின் ஆறாம் ஆண்டு என்ற குறிப்பும் பாரசீக எழுத்திற் காணப்படும். அப்பாதுஷா 1759-ல் கொலையுண்டு மாண்டார். அவர் மாண்டு அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் கம்பெனியார் அதே பெயரையும் அதே ஆண்டையும் விடாது பொறித்து வந்தனர். ஜனங்கள் பழகிய முத்திரையையே நம்புவர். புதியதைக் கண்டால் வட்டம் கேட்பர். வியாபாரிகளாகிய கம்பெனியாருக்கு இது நன்கு தெரிந்திருந்தது. ஆதலின் ஆர்க்காட்டு ரூபாய் ஒன்றைக் கண்டு, இது 1759-க்கு முற்பட்டது என்று எண்ணிவிடுதல் கூடாது. கைச்சம்மட்டியால் அடிக்கப்பட்டு ஓரம் ஒழுங்கின்றித் தடித்திருப்பது முற்பட்டது. யந்திரத்தால் அடிக்கப்பட்டு வட்டம் செவ்வனே அமைந்திருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டினது.

யந்திர நாணயங்களுள் நம் தமிழ் மக்கள் தனியே போற்றத்தக்கது ஒன்றுண்டு. 1807, 1808-ம் ஆண்டுகளையொட்டிச் சென்னைத் தங்கசாலையில் வெள்ளியில் அரை வராகனும் கால் வராகனும் அடிக்கப்பட்டன. ஒருபுறம் கோயிற் கோபுரம். அதன் இருமருங்கும் விண்மீன்கள். சுற்றிலும் இங்கிலீஷிலும் பாரசீகத்திலும் மதிப்பு. மறுபுறம் தாமரையினின்றெழும் திருமாலின் உருவம். சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பு. அரைப் பூவராகன், கால் பூவராகன் என்று நம் தாய்மொழி அதில் எழுதப்பட்டுள்ளது. கடல் கடந்து வந்த வியாபாரக் கூட்டத்தார் நம் கோபுரத்தையும் நம் தெய்வத்தையும் நம் எழுத்தையும் தம் நாணயத்திற் பொறிக்க நேர்ந்ததன் காரணம் பக்தியன்று. கடைவீதியிற் செலாவணியாக வேண்டுமென்பதே. அதற்கான வெள்ளியும் அயல்நாட்டது. அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிய நாடுகளில் அடிக்கப்பட்டு வியாபாரத்தின் வழியே இந்நாடு போந்த ஸ்பானிய டாலர்களின் மீதே அரை வராகன்கள் பல மறுமுத்திரை அடிக்கப்பெற்றன. உற்று நோக்கினால், கோபுரத்தின் கீழே ஸ்பானிய அரசரது பழைய முத்திரையின் கீற்று மங்கலாகத் தென்படுவதுண்டு. இத்தகைய நாணயத்தை வெறும் வெள்ளியென்று கருதி உருக்குவாரை என்னென்பது! அதன் எடைக்குக் கிடைக்கும் தொகையினும் பன்மடங்கு கொடுத்து வாங்குவோர் உளர் என்பதும் ஒருபுறம் நிற்க, உருக்கிய பின் எத்தொகை கொடுத்தும் அதனை மீட்டல் இயலாது.

1818-ல் கம்பெனியார் சென்னை ராஜதானியில் வராகன் கணக்கைக் கைவிட்டு ரூபாயையே ஆதார நாணயமாக்கினர். மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று மாற்று வகுக்கப்பட்டது. அந்தச் சென்னை ரூபாயின் எடை 180 கிரெயின். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 165 கிரெயின், சுத்த வெள்ளி. 1835-ல் கம்பெனியார் தம் ஆட்சிக்குட்பட்ட நாடு முழுமைக்கும் ஒரே ரூபாய் என்று சட்டமியற்றியபோது இந்தச் சென்னை அளவையே மேற்கொண்டனர். இஃது நம்மவர் பலர் அறியாத செய்தி. 180 கிரெயின் என்பது ஒரு தோலா. ரூபாயே எடைக்கல்லாகவும் ஆயிற்று. மூன்று ரூபாய் எடை ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. வைத்தியர் மருந்துக்கும், தட்டார் நகைக்கும், கடைக்காரர் மளிகைக்கும் ரூபாய் எடை சொன்னது இதனாலேயே. இந்நாளைய கணக்கில் 11.66 கிராம் ஆகும்.

1835-ன் ரூபாயில் நாலாம் வில்லியம் அரசரின் தலையுருவம் உண்டு. 1840 என்று பொறித்தவற்றில் விக்டோரியா அரசியின் இளமைத் தோற்றம். இவற்றுள் இருவகை: விக்டோரியா குயின் என்னும் எழுத்து தலையின் மேலே தொடர்ச்சியாக ஓடுவது ஒன்று, இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்பது மற்றொன்று. பிரிந்து நிற்பது பிற்பட்டது. 1840 என்ற ஆண்டையே தாங்கி அது நெடுநாள் அடிக்கப்பட்டது. 1858-ல் ஆட்சி கம்பெனியாரிடமிருந்து அரசிக்கு மாறிய பின் 1862-ல் முடி தரித்த உருவத்தோடு புது ரூபாய் பிறந்தது. இங்கும் அதே வழக்கம்: 1862 என்ற ஆண்டு 1874 வரை மாற்றப்படவில்லை. பம்பாய்த் தங்கசாலையார் மட்டும் சிறு புள்ளிகளைக் கூட்டி ஆண்டுகளைப் பிரித்தறிந்தனர். எனவே, எல்லாம் 1862 தானே, ஒன்றிருந்தாற் போதாதா என்று கேட்பவர் புள்ளிகளை எண்ணிப் பார்ப்பாராக. நம் சென்னைத் தங்கசாலையும் அவ்வகை ரூபாயைச் சிறிது காலம் அடித்து, 1869-ல் மூடப்பட்டது. ஜார்ஜ் டவுனின் வடபகுதியிலுள்ள தங்கசாலைத் தெரு என்ற பெயர் அதன் நினைவாக இன்றும் வழங்குகின்றது. 1877 முதல் குயின் என்னும் பட்டம் போய் எம்பிரஸ் என்னும் பட்டம் ஏறிற்று. 1903 முதல் 1910 வரை முடியில்லாத ஏழாம் எட்வர்டு. பின்னர் ஐந்தாம் ஜார்ஜ்.

இவ்வைந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாயாகிய 1911-ன் ரூபாயைப் பற்றி ஒரு சொல். அரசர் அணிந்த அங்கியில் யானைச் சின்னம் ஒன்று பொறித்திருந்தனர். அதன் துதிக்கை குறுகிக் கால்கள் கட்டையாக அமைந்தமையின் அது பன்றிபோல் தோற்றிற்று. முஸ்லிம்களும் ஹிந்துக்களும் முகஞ்சுளித்தனர். அடித்தவை சுமார் 94 லட்சம். அவற்றுள் வெளிவந்தவை சுமார் 7 லட்சமே. எஞ்சியவை நிறுத்தி வைக்கப்பட்டு உருக்கப்பட்டன. அடுத்த ஆண்டு யானையின் உருவம் திருத்தப்பட்டது. வராகத்தைத் தெய்வமென்று பொன்னிற் பொறித்த நாட்டில், அதுவென ஐயுறத்தக்க ஓர் உருவத்தால் வெள்ளி நாணயம் ஒதுக்கப்பட்டது காலத்தின் கோலமே! 1911-ன் ரூபாய் வைத்திருப்போர் அதைத் தனியே எடுத்து வைத்தல் நன்று. 1939 என்று பொறித்த ஆறாம் ஜார்ஜின் ரூபாயோ இதனினும் கிடைத்தற்கரியது. அதன் போலிகளும் அதனால் மிகுதி.

இனி, இந்த வெள்ளி ஏன் மறைந்தது என்பதை ஆராய்வோம். 1893 வரையில் எவரும் தம் வெள்ளிக் கட்டியைத் தங்கசாலையிற் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். உலகில் வெள்ளி விலை வீழ்ந்துகொண்டே வந்ததனால் அவ்வாண்டு துரைத்தனத்தார் அவ்வுரிமையை நீக்கினர். அதன்பின் ரூபாயின் மதிப்பு பதினாறு பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. உள்ளிருந்த வெள்ளியின் விலை அதனிற் குறைவு. ஆகவே, ரூபாய் வெள்ளியின்மேல் எழுதிய உண்டியல்போல் ஆயிற்று. 1914-ல் தொடங்கிய மகாயுத்தம் இந்நிலையைத் தலைகீழாக்கியது. யுத்தத்துக்கான சரக்கை இந்தியாவிடம் வாங்கியவர் ரூபாயிற் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று, வெள்ளிக்கோ பஞ்சம். வெள்ளி விலை அவுன்ஸுக்கு 43 பென்ஸைத் தாண்டினால் ரூபாயை உருக்குவதே லாபம் என்பது கணக்கு. அவ்வெல்லை 1917-ல் எட்டப்பட்டது. நாணயத்தை உருக்குதலாகாது என்று ஆணை பிறந்தது. 1918-ல் அமெரிக்காவில் பிட்மன் சட்டம் என்ற ஒன்று நிறைவேறி, அந்நாட்டாரின் வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்கென 20 கோடி அவுன்ஸ் வெள்ளி அனுப்பப்பட்டது. 1918-ன் ரூபாயைக் கையில் வைத்திருப்பவர், அதன் வெள்ளி அமெரிக்க டாலராக முன்னொரு பிறவி எடுத்திருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1920 பிப்ரவரியில் வெள்ளி 89 பென்ஸுக்கு மேலும் ஏறிப் பின்னர் விழுந்தது.

இரண்டாம் யுத்தத்திலும் இக்கதையே. 1940-ல் ரூபாயின் வெள்ளியைப் பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து சரிபாதியாகக் குறைத்தனர். பழைய நல்ல வெள்ளி ரூபாய்களோ, விக்டோரியாவினது முதலாக 1941-க்கும் 1943-க்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செலாவணியினின்று நீக்கப்பட்டன. 1947-ல் நிக்கல் ரூபாய் வந்தபின் வெள்ளி ரூபாயின் சரித்திரம் முடிவுற்றது. இங்கே குடும்பத்தார் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்றுள்ளது. 1940-க்கு முற்பட்ட ரூபாயும் பிற்பட்ட ரூபாயும் எடையில் ஒன்றே. வெள்ளியில் ஏறத்தாழ இரட்டிப்பு வேறுபாடு. ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களை ஆண்டு பாராமல் ஒரே குவியலாக்கிப் பங்கிட்டால் ஒரு பங்காளிக்கு நஷ்டம் நேரும். விற்குமிடத்து வியாபாரி எல்லாம் பாதி வெள்ளியே என்று கூறி முழுவெள்ளியையும் அவ்விலைக்கே வாங்கிக்கொள்ளவும் கூடும். 1940 முதல் 1945 வரை பொறித்தவையே பாதி வெள்ளி. ஆண்டைப் படிக்கத் தெரிந்த ஒரு சிறு பையன் இந்த நஷ்டத்தைத் தடுத்துவிடலாம்.

இது நிற்க. காகிதப் பணத்தின் வரலாற்றுக்கு வருவோம். வங்காளம், பம்பாய், சென்னை என்னும் மூன்று ராஜதானி பாங்குகளும் முன்னர் நோட்டுகள் வெளியிட்டு வந்தன. சென்னை பாங்கு 1843-ல் தோன்றியது. 1861-ன் சட்டத்தால் அவ்வுரிமை துரைத்தனத்தாரின் தனியுரிமையாயிற்று. முதலில் விக்டோரியா உருவந் தாங்கிய நோட்டுகள் வந்தன. கள்ள நோட்டுப் பேர்வழிகள் கைவரிசை காட்டியமையால் 1867-ல் அவை மாற்றப்பட்டு ஒருபுறம் மட்டும் அச்சிட்ட நோட்டுகள் எழுந்தன. நாடு பல வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது: கல்கத்தா, பம்பாய், சென்னை, ரங்கூன், கான்பூர், லாகூர், கராச்சி. ஒரு வட்டத்து நோட்டு அவ்வட்டத்தில் மட்டுமே சட்டப்படி செல்லும். சென்னை நோட்டை எடுத்துக்கொண்டு கல்கத்தாவுக்குச் செல்லும் வியாபாரி அங்கே அதைக் கொடுத்து மாற்ற உரிமையற்றவன். நம்மவரின் உண்டியல் வழக்கம் செழித்ததற்கு இஃதும் ஒரு காரணமென்று கருதுகின்றோம். இத்தடை படிப்படியாக நீங்கியது: ஐந்து ரூபாய் நோட்டு 1903-ல் பர்மா நீங்கலாகவும், 1909-ல் பர்மாவிலும், பத்தும் ஐம்பதும் 1910-லும், நூறு 1911-லும் எங்கும் செல்லுபடியாயின.

அந்நாளில் நோட்டைத் தபாலில் அனுப்புவோர் அதை நடுவே இரண்டாக வெட்டி, முதலில் ஒரு பாதியை அனுப்புவர். பாதி வந்து சேர்ந்தது என்று பதில் கிடைத்த பின்னரே மறுபாதி புறப்படும். வழிப்பறியாளன் கையில் ஒரு பாதி அகப்பட்டாலும் பயனில்லை. இரு பாதியிலும் இலக்கம் அச்சாகியிருந்தமையின் ஒட்டிச் சேர்த்தால் நோட்டு உயிர்பெறும். இவ்வாறு வெட்டி ஒட்டிய தழும்புடைய நோட்டைச் சிலர் பழுதென்று ஒதுக்குகின்றனர். அத்தழும்பு அதன் பிரயாணத்தின் சாட்சியாதலால் நாம் அதை விரும்பியே போற்றுவோம்.

வெள்ளிப் பஞ்சத்தின் பயனாக 1917 நவம்பர் 30-ல் ஒரு ரூபாய் நோட்டு முதன்முதலாகத் தலைகாட்டிற்று. ரூபாய் நாணயத்தின் படத்தையே அதன்மேல் அச்சிட்டனர். வெள்ளியைத் தர இயலாதவர் அதன் நிழலையாவது தந்தனர் போலும்! 1918-ல் இரண்டு ரூபாய் எட்டணா நோட்டும் வந்தது. இரண்டும் 1926 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டன. ஒரு ரூபாய் நோட்டு 1940-ல் மீண்டும் வந்தது; இரண்டரை ரூபாய் நோட்டு மீளவேயில்லை. ஆதலின் அது சேகரிப்போர் தேடும் பொருளாயிற்று. ரிசர்வ் பாங்கு 1935 ஏப்ரல் 1-ல் தோன்றி 1938-ல் தன் முதல் நோட்டாகிய ஐந்து ரூபாயை வெளியிட்டது. முதல் கவர்னராகிய ஆஸ்பர்ன் ஸ்மித் கையொப்பமிட்ட நோட்டு ஒன்றுமில்லை. டெய்லரின் கையொப்பமே முதலாவது. பின்வந்த தேஷ்முக்கே கையொப்பமிட்ட முதல் இந்தியக் கவர்னர். ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் கவர்னர் கையொப்பம் இராது. அது ஸர்க்காரின் நேர் வெளியீடாதலால் நிதி இலாகாக் காரியதரிசியே ஒப்பமிடுவார். சுதந்தர இந்தியாவின் முதல் நோட்டும் 1949-ல் அசோக ஸ்தம்பத்தோடு வந்த ஒரு ரூபாயே.

பெரிய நோட்டுகளின் விதியோ வேறு. 1946 ஜனவரியில் ஐந்நூறும் ஆயிரமும் பதினாயிரமும் ஓர் அவசரச் சட்டத்தாற் செல்லாவாயின. 1954-ல் ஆயிரமும் ஐயாயிரமும் பதினாயிரமும் மறுபடி வந்து, 1978 ஜனவரியில் மறுபடி மறைந்தன. 2016 நவம்பர் 8-ன் இரவை இதை வாசிக்கும் வளர்ந்தோர் அனைவரும் அறிவர்.

இப்போது நம் வரலாற்றில் நெஞ்சை உறுத்தும் பகுதிக்கு வருகின்றோம். கீழ்ப்பர்மாவின் முக்கிய ஜில்லாக்களில் 1930-களின் இறுதியில் பயிர்நிலத்தில் நாலில் ஒரு பங்கு நம் நகரத்தார் வசம் வந்திருந்தது. நிலம் வாங்கச் சென்றவரல்லர் நம்மவர். நெல்விலை வீழ்ந்து கடன் திரும்பாமற்போகவே பணத்துக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. 1937 ஏப்ரல் 1-ல் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. இந்திய நோட்டுகளின்மேல் பர்மாவில் மட்டும் செல்லும் என்று மேலச்சிட்டு வழங்கினர். பின்னர் ரிசர்வ் பாங்கே மயில் உருவத்தோடு பர்மா நோட்டை வெளியிட்டது. 1942-ல் ஜப்பானியர் புகுந்தனர். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாய் நடந்து மாண்டவர் எண்ணிறந்தோர். அங்கேயே தங்கியவர் கையில் ஜப்பானிய ராணுவத்தாரின் நோட்டு திணிக்கப்பட்டது. பர்மாவுக்குரிய ரூபாய் நோட்டில் பி என்னும் இங்கிலீஷ் எழுத்தும், மலாயாவுக்குரிய டாலர் நோட்டில் எம் என்னும் எழுத்தும் முன்னிற்கும். அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு வரிசை இலக்கமே இல்லை. எத்தனை அடித்தோம் என்று எண்ணும் எண்ணமே அடித்தவருக்கு இருக்கவில்லை என்பது இதனாற் புலனாகும். மலாயாவின் பத்து டாலர் நோட்டில் வாழை மரம் இருந்தமையால் அந்நோட்டுகளுக்கே வாழைநோட்டு என்ற பெயர் வழங்கலாயிற்று.

கடன்பட்டவர் பழைய நல்ல ரூபாயில் வாங்கிய கடனை இந்தக் காகிதத்தைக் கொடுத்துத் தீர்த்தனர். வாங்க மறுத்தல் ஆக்கிரமித்தவரைப் பகைத்தலாகும். பெட்டியடியில் இருந்தவர் வாங்கிக்கொண்டு ஏட்டில் வரவு எழுதினர். 1945-ல் பிரிட்டிஷார் மீண்டபோது அந்நோட்டுகள் முழுவதும் செல்லாவென்று தள்ளப்பட்டன. கடனும் தீர்ந்தது, பணமும் இல்லை! மலாயாவில் 1948-ல் ஒரு சட்டம் இயற்றி, ஜப்பானியப் பணத்தின் மதிப்பு நாளடைவில் வீழ்ந்ததற்கேற்ப ஓர் அட்டவணை வகுத்து வழக்குகளைத் தீர்க்க முயன்றனர். பர்மாவில் தங்கி மறுபடி முயன்றவருக்கு 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாவென்ற அறிவிப்பு இடியாய் விழுந்தது. அதன்பின் கப்பலேறி வந்தவர் கொணர்ந்தது பெரும்பாலும் உடுத்த துணியே.

இந்நோட்டுகள் சேகரிப்போர் சந்தையில் மலிவானவை. கட்டுக் கட்டாக எஞ்சியிருப்பதால் விலை மிகுதியில்லை. ஆனால், ஒரு வீட்டில் ஜப்பானிய நோட்டுக் கட்டும், அதை வரவெழுதிய ஏடும் ஒருங்கே கிடைக்குமாயின் அதற்கு ஈடான சரித்திரச் சாசனம் வேறில்லை. எவரிடம், எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை ரூபாய்க் கடனுக்கு இது வந்தது என்று அந்த ஏடு பேசும். ஏட்டைப் பழங்காகிதக் கடைக்கும் நோட்டைக் குழந்தைகள் விளையாட்டுக்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் ஊமையாகிவிடும்.

பாதுகாக்கும் முறை குறித்துச் சில கூறுவாம். பழைய வெள்ளியைக் கண்டவுடன் புளியும் சாம்பலும் திருநீறும் இட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்வது நம் வீட்டுப் பெண்மணிகளின் வழக்கம். பூஜைப் பாத்திரத்துக்கு அது தகும்; நாணயத்துக்குத் தகாது. தேய்த்த நாணயத்தின் மேல் நுண்ணிய கீறல்கள் விழுந்து முத்திரை மழுங்கும். சேகரிப்போர் அதைப் பாதி விலைக்கும் வாங்கத் தயங்குவர். வெள்ளியின்மேல் காலம் படிவித்த கருமையே அதன் காப்பு. நாணயத்தை விளிம்பிற் பிடித்தெடுத்துத் தனித்தனிக் காகித உறையில் வைப்பது போதுமானது. காசுமாலைக்கென வளையம் பற்றவைத்த ரூபாய்க்குச் சந்தையில் மதிப்புக் குறைவு. ஆயினும் பாட்டியாரின் கழுத்திற் கிடந்த மாலையைச் சந்தை மதிப்பாற் கணிப்பார் யார்? நோட்டுகளைப் பசைநாடாவால் ஒட்டுதலும், சூடேற்றிக் கண்ணாடித்தாள் பூசுவித்தலும் அவற்றைக் கொல்வதற்கு ஒப்பாம். மலிவான மெழுகுப் பைகளிலும் வைத்தலாகாது. நாளடைவில் அவை கசிந்து மையையும் உலோகத்தையும் கெடுக்கும்.

இத்துறையில் மோசக்காரரும் மலிந்துள்ளனர். ராமர் பட்டாபிஷேகமோ ஆஞ்சநேயரோ பொறித்து, 1818, கம்பெனி அரையணா என்று எழுதிய செப்புக் காசுகளைக் காட்டி லட்சக்கணக்கில் விலை கூறுவார் உளர். கம்பெனியார் அத்தகைய காசு அடித்ததேயில்லை. அக்காசு அரிசியை இழுக்கும், இடியைத் தாங்கும், கோடி கொடுத்து வாங்க வெளிநாட்டார் காத்திருக்கின்றனர் என்று சொல்லி முன்பணம் பறிக்கும் கூட்டத்தில் அகப்பட்டுச் சொத்திழந்த செய்திகள் பத்திரிகைகளில் வந்தவண்ணமுள்ளன. பழைய நோட்டை வாங்குவதாக ரிசர்வ் பாங்கின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்போரை நம்பலாகாதென்று அந்தப் பாங்கே 2021-ல் அறிவித்தது.

சட்டமும் சிறிது தெரிந்திருத்தல் நலம். வீட்டைப் பிரித்துக் கட்டும்போதோ தோட்டத்தைத் தோண்டும்போதோ மண்ணினுள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் அகப்படின், 1878-ன் சட்டப்படி கலெக்டருக்கு அறிவித்தல் கடமை. நூறாண்டு கடந்த நாணயத்தை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972-ன் சட்டம் தடுக்கின்றது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உள்ள மக்களுக்குப் பாட்டனார் ரூபாயைக் கொடுத்தனுப்ப எண்ணுவோர் இதை மறவற்க. 2016-ல் செல்லாதாக்கப்பட்ட ஐந்நூறும் ஆயிரமும் நினைவுக்கென வைத்துக்கொள்ளலாமோ எனச் சிலர் வினவினர். 2017-ன் சட்டப்படி பத்து நோட்டு வரையிலும், ஆராய்ச்சிக்கோ நாணயச் சேகரிப்புக்கோ ஆனால் இருபத்தைந்து வரையிலும் வைத்துக்கொள்ளலாம்.

கற்க விரும்பும் இளைஞர் எழும்பூர் அரசாங்க மியூசியத்துக்குச் சென்று அதன் நாணயத் தொகுதியைக் காண்பாராக. அம்மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பார் இத்தென்னாட்டுக் கம்பெனி நாணயங்களைப் பற்றி 1890-ல் ஒரு நூலே வெளியிட்டுள்ளார். வீட்டிலிருப்பவற்றை முதலில் எண்ணி, ஆண்டு, முத்திரை, புள்ளி, கையொப்பம், வட்டம் என்பனவற்றைக் குறித்து ஒரு ஜாபிதா எழுதுதலே நல்ல தொடக்கம். பாகம் பிரிக்கும் முன்னர் இதைச் செய்தல் வேண்டும். பர்மா நோட்டு உள்ள வீட்டார், அதை எவர் எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டிற் கொணர்ந்தார் என்பதைப் பெரியோர் வாயாற் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி, அந்த நோட்டோடும் ஏட்டோடும் சேர்த்து வைக்க வேண்டுகின்றோம். 1964-ல் இருபது வயதினராய் ரங்கூனிலிருந்து வந்தவர்களுக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது.